கை வயர்லெஸ் எட்டும் தூரம்

1980களில் தென் தமிழகக் கடலோர ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. மொட்டை மாடியில் நெட்டுக்குத்தாக ஒரு இரும்புக் குழாய், அதன் உச்சியில் ஆண்டெனா. ஒருவர் குழாயைப் பிடித்துத் திருப்ப, வீட்டுக்குள்ளிருந்து இன்னொருவர் "இப்போது தெரிகிறது, அப்படியே விடு" என்று கத்துவார். 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினித் தொலைக்காட்சி கடல் தாண்டி நம் வீடுகளுக்கு வந்தது இப்படித்தான். அதே நாட்டிலிருந்து வந்த இலங்கை வானொலிக்கு இந்தப் பாடு எதுவும் தேவைப்படவில்லை. டீக்கடைப் பலகையில் சின்னப் பெட்டியை வைத்துக் குமிழைத் திருகினால் போதும், கடலையே பார்த்திராத ஊர்களிலும் அது பாடியது.

ஒன்றுக்கு மாடி உயரம் வேண்டியிருந்தது, மற்றதற்கு வேண்டியிருக்கவில்லை. படகில் மீனவர் கையில் வைத்திருக்கும் வயர்லெஸ் செட்டைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இலங்கை வானொலி மத்திய அலையிலும் சிற்றலையிலும் ஒலிபரப்பானது. மத்திய அலை பூமியின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும். சிற்றலை வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இறங்கும். ரூபவாஹினி வந்தது வி.எச்.எஃப். எனப்படும் மிகை உயர் அலைவரிசையில். இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். வானத்தில் பட்டுத் திரும்பாது, பூமியின் வளைவோடு பெரிதாக வளைந்தும் கொடுக்காது. அதனால்தான் அனுப்புகிறவர்கள் 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகலை மலையில் கோபுரம் வைத்தார்கள், பார்க்கிறவர்கள் மாடியில் குழாய் நட்டார்கள்.

கடல்சார் கை வயர்லெஸ் இந்த இரண்டாவது குடும்பத்தைச் சேர்ந்தது. 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் வேலை செய்கிறது. ஆகவே அது எவ்வளவு தூரம் பேசும் என்ற கேள்விக்கு முதல் பதில், அதன் ஆண்டெனா தண்ணீருக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அந்த அலையின் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். பேசுகிறவருக்கு ஒரு தொடுவானம், கேட்கிறவருக்கு ஒன்று. இரண்டையும் கூட்டினால் அதிகபட்சத் தூரம். ஃபைபர் படகில் உட்கார்ந்து பேசினால் செட்டின் ஆண்டெனா தண்ணீரிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். இரண்டு படகிலும் இப்படி உட்கார்ந்திருந்தால் எட்டும் தூரம் சுமார் 8 கிலோமீட்டர். இருவரும் எழுந்து நின்று செட்டை முகத்துக்கு மேலே பிடித்து, உயரம் இரண்டேகால் மீட்டர் ஆனால் அது 12 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. செலவில்லாமல், எழுந்து நின்றதற்குக் கிடைத்த கூலி நான்கு கிலோமீட்டர்.

கன்னியாகுமரியை அடுத்த சின்னமுட்டத்திலிருந்து ஒரு ஃபைபர் படகில் விடியலுக்கு முன் நான் போயிருந்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். வலை போட்டுக் காத்திருந்த நேரம். சற்றுத் தள்ளித் தொழில் செய்துகொண்டிருந்த இன்னொரு படகைக் கூப்பிட வேண்டியிருந்தது. என்னோடு இருந்த இளைஞர் உட்கார்ந்தபடியே இரண்டு முறை கூப்பிட்டார். இரைச்சல்தான் வந்தது. படகின் பின்முனையான அமரத்தில் இருந்த பெரியவர் கையை நீட்டிச் செட்டை வாங்கினார். மழைத்தாள் சுற்றி ரப்பர் வளையம் போட்ட செட்டு. எழுந்து, ஒரு காலை விளிம்புப் பலகையில் ஊன்றி, ஆண்டெனா செங்குத்தாக நிற்கும்படி பிடித்துக்கொண்டார். உடனே பேசவில்லை. அலை படகைத் தூக்கிக்கொண்டு மேலே போனது. உச்சிக்குப் போனபோது பட்டனை அழுத்தினார். அடுத்த அலைக்குள் பதில் வந்துவிட்டது.

அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. அலைப் பள்ளத்தில் இருக்கும்போது முன்னால் எழுந்து நிற்கும் தண்ணீர்ச் சுவரே மறைப்பாகிவிடும். கடலில் எல்லோரும் ஆண்டெனாவை நிமிர்த்திவைத்தே பேசுகிறார்கள், நாம் படுக்க வைத்துப் பேசினால் சமிக்ஞையின் பெரும்பகுதி வீணாகும். தோளைச் சாய்த்து, செட்டை வாய்க்கு நேராகக் கிடத்திப் பேசும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. செல்போன் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது.

இந்த இடத்தில் வாட் கணக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கை செட்டுகள் பெரும்பாலும் 5 அல்லது 6 வாட் திறன் கொண்டவை, 1 வாட்டுக்குக் குறைத்துக்கொள்ளவும் முடியும். படகில் நிலையாகப் பொருத்தும் செட்டு 25 வாட். ஐந்து மடங்கு வாட் என்றால் ஐந்து மடங்கு தூரம் என்று வாங்குகிறவர்களும் நம்புகிறார்கள், விற்கிறவர்களும் திருத்துவதில்லை. தரையிலிருந்து 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தோடு அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள் 5 வாட் கை செட்டில் பேசியிருக்கிறார்கள். நடுவில் மறைப்பு இல்லை, அவ்வளவுதான். அதே 5 வாட் கடல் மட்டத்தில் பதினைந்து கிலோமீட்டருக்குத் திணறுகிறது, ஏனென்றால் பூமியே குறுக்கே நிற்கிறது. 25 வாட் செட்டு அதிகத் தூரம் பேசுவதற்குப் பெரிய காரணம், அதன் ஆண்டெனா கம்பத்தின் உச்சியில் இருப்பது. வாட் கூடினால் குரல் தெளியும், இரைச்சலை வெல்லும். ஆனால் தொடுவானத்தை நகர்த்தாது.

காற்று அடங்கிய வெப்பமான சில நாட்களில் கணக்கெல்லாம் பொய்த்து, நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் குரல் கேட்கும். கடலை ஒட்டிய ஈரக் காற்றின் மேல் வெப்பமான உலர்காற்று படுக்கும்போது அலைகள் இடையில் சிக்கிக் குழாய்க்குள் ஓடுவதுபோல ஓடும். ரூபவாஹினி சில மாலைகளில் மட்டும் பளிச்சென்று வந்ததற்கும் இதுவே காரணம். அது கடல் கொடுக்கும் இனாம், அதை நம்பிக் கடலுக்குப் போக முடியாது.

இவ்வளவு குறைந்த தூரம்தான் எட்டும் என்றால் இந்தக் கருவி எதற்கு? கரைக்கு அருகே செல்போனே கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பதில் இதுதான்: கை வயர்லெஸ் பக்கத்தில் இருப்பவர்களுக்கான கருவி. எஞ்சினில் தீப்பிடித்த படகிலிருந்து ஒருவர் வீட்டுக்குப் போன் செய்தால் அந்தச் செய்தி மனைவிக்கோ தம்பிக்கோ தெரியும். அவர்கள் ஓடிப்போய் இன்னொருவரிடம் சொல்ல வேண்டும், அவர் இன்னொருவரிடம். இதற்குள் மூன்று கிலோமீட்டர் தள்ளி மீன் பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்கு எதுவுமே தெரியாது. வயர்லெஸில் ஒரு முறை கூப்பிட்டால் சுற்றுவட்டாரத்தில் அந்தச் சேனலைத் திறந்து வைத்திருக்கும் அத்தனை படகுக்கும் கப்பலுக்கும் ஒரே நேரத்தில் காதில் விழும். கடலில் முதலில் கை கொடுக்க வருவது பெரும்பாலும் பக்கத்துப் படகுதான். இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது, அதையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஆனால் கரையிலிருந்து கப்பல் கிளம்பி வருவதற்குள் நேரம் ஓடிவிடும்.

அந்தத் திறந்து வைத்திருக்கும் சேனல்தான் 16. உலகம் முழுவதும் ஆபத்து அழைப்புக்கும் முதல் கூப்பிடுதலுக்கும் ஒதுக்கப்பட்ட 156.8 மெகாஹெர்ட்ஸ். பன்னாட்டுப் பயணம் செய்யும் பெரிய சரக்குக் கப்பல்கள் இதைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். அந்தக் கப்பல்களின் ஆண்டெனா 25 மீட்டர் உயரத்தில் இருந்தால், ஃபைபர் படகில் எழுந்து நிற்பவருடைய குரல் 26 கிலோமீட்டர் வரை அவர்களுக்கு எட்டும். கரையில் 50 மீட்டர் கோபுரம் என்றால் 35 கிலோமீட்டர். 300 மீட்டர் உயரத்தில் தேடிவரும் ஹெலிகாப்டருக்கு, தண்ணீரில் மிதந்துகொண்டு பேசுகிறவரின் குரல்கூட 70 கிலோமீட்டருக்கு மேல் போகும். உயரம் இரண்டு முனையிலும் இருக்க வேண்டியதில்லை, ஒரு முனையில் இருந்தாலே பெரும்பாலும் போதும்.

16ஐ ஏன் சும்மா விட்டுவைக்க வேண்டும் என்பதற்குப் பின்னால் ஒரு நுட்பம் இருக்கிறது. இந்த செட்டுகள் பண்பலை முறையில் வேலை செய்கின்றன. இருவர் ஒரே சமயத்தில் பேசினால் இரண்டு குரலும் கலந்து கேட்காது. வலுவானது மட்டும் கேட்கும், மெலிந்தது அடியோடு மறைந்துவிடும், அப்படி ஒருவர் பேசினார் என்ற தடயம்கூட இருக்காது. பக்கத்தில் 25 வாட் செட்டில் மீன் விலையைப் பற்றி இருவர் பேசிக்கொண்டிருந்தால், தள்ளி மூழ்கிக்கொண்டிருக்கும் படகின் 5 வாட் குரல் யாருக்கும் கேட்காமலே போகும். கூப்பிட்டவுடன் வேறு சேனலுக்கு மாறிக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

தெரியாமல் நேரும் தவறு இன்னும் மோசமானது. செட்டை வலைக் குவியலுக்கும் பலகைக்கும் நடுவே செருகிவைத்தால் பக்கவாட்டில் இருக்கும் பேசும் பட்டன் அமுங்கிக்கொள்ளும். நான் போன அன்றே அப்படி நடந்தது. எங்கள் செட்டு அமுங்கிக் கிடந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. பட்டன் அமுங்கியிருக்கும்வரை அந்த செட்டு எதையும் கேட்காது, ஆகவே யாராவது எச்சரித்தாலும் நமக்குத் தெரியாது. எங்கள் எஞ்சின் சத்தம் அந்த வட்டாரத்துச் சேனல் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று, ஒரு படகு அருகே வந்து கையசைத்துச் சொன்ன பிறகே தெரிந்தது. பெரியவர் முகம் சுருங்கிப்போனது. "இந்த நேரத்தில் எவனாவது கூப்பிட்டிருந்தால்?" என்றார். அதற்குப் பிறகு செட்டு அவர் கழுத்துக் கயிற்றில்தான் கிடந்தது.

இனி, ஆபத்தில் என்ன பேசுவது? உதவி கேட்கும் 'மே டே' என்ற சொல் 1923இல் லண்டன் குராய்டன் விமான நிலையத்தின் வானொலி அதிகாரி ஃபிரடெரிக் மாக்ஃபோர்டு உருவாக்கியது என்று சொல்லப்படுகிறது. அங்கே வந்துபோன விமானங்களில் பல பாரிசிலிருந்து வந்தவை. 'எனக்கு உதவுங்கள்' என்ற பிரெஞ்சுத் தொடரின் ஒலியை அவர் எடுத்துக்கொண்டார். 1927இல் அது பன்னாட்டு வழக்கானது. இரைச்சலில் வேறு சொல்லோடு குழம்பக் கூடாது என்பதால் மூன்று முறை சொல்கிறோம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டும் இது. எஞ்சின் நின்று காற்றில் ஒதுங்கிக்கொண்டிருக்கிறோம், ஆனால் படகு நன்றாகத்தான் இருக்கிறது என்றால் 'பான் பான்' மூன்று முறை.

அதன் பிறகு படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, என்ன உதவி வேண்டும், படகில் எத்தனை பேர். இந்த வரிசை யோசித்து வைத்தது. பேட்டரி எப்போது சாகும், அலை எப்போது செட்டைப் பறிக்கும் என்று தெரியாது. செய்தி பாதியில் அறுந்தாலும் யார், எங்கே என்ற இரண்டும் போய்ச் சேர்ந்திருந்தால் தேட முடியும். பதற்றத்தில் நாம் செய்வது இதற்கு நேர்மாறு. முதலில் நடந்த கதையைச் சொல்லத் தொடங்கிவிடுகிறோம்.

இடம் சொல்வதில்தான் மிகப் பெரிய பிழைகள் நேர்கின்றன என்பது என் எண்ணம், அதனால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். கன்னியாகுமரிக்குத் தெற்கே ஒரு படகு நிற்கிறது, ஜிபிஎஸ் திரையில் 7 டிகிரி 58 நிமிடம் வடக்கு, 77 டிகிரி 30 நிமிடம் கிழக்கு என்று காட்டுகிறது. பேசுகிறவர் அவசரத்தில் "ஏழு புள்ளி ஐந்து எட்டு" என்கிறார். கேட்கிறவர் அதை 7.58 டிகிரி என்று தசமக் கணக்கில் எழுதிக்கொண்டால் அது 7 டிகிரி 35 நிமிடம் ஆகிவிடும். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். 'நிமிடம்' என்ற ஒரு சொல் விட்டுப்போனதால் தேடும் கப்பல் 23 கடல் மைல், அதாவது 40 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போய் வெறும் தண்ணீரைத் தேடும்.

தமிழில் எண் சொல்வதற்கே ஒரு சிக்கல் உண்டு. எழுபது, எண்பது இரண்டும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும். நம் கரையில் தீர்க்கரேகைகள் 77, 78, 79, 80 என்று வரிசையாக இருக்கின்றன. எழுபத்தொன்பதா, எண்பதா என்று குழம்பினால் ஒரு டிகிரி பிசகும், நம் அட்சரேகையில் அது 100 கிலோமீட்டருக்கும் மேல். "ஏழு, ஏழு, டிகிரி. மூன்று, பூஜ்யம், நிமிடம்" என்று ஒவ்வொரு எண்ணாகப் பிரித்துச் சொன்னால் இந்தக் குழப்பம் வராது. மே டே என்ற சொல்லையும் இட எண்களையும் ஆங்கிலத்தில் சொல்லி, மற்றதைத் தமிழில் சொல்வதே நல்லது என்று நினைக்கிறேன். தூரத்துக் கப்பலுக்கு இடம் புரிந்தால் போதும், பக்கத்துப் படகுக்கு முழுக் கதையும் தாய்மொழியில் போய்ச் சேர வேண்டும். ஜிபிஎஸ் கையில் இல்லையென்றால் கரையடையாளம் ஒன்றிலிருந்து திசையும் தூரமும் சொல்லலாம்: கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே ஏழு மைல். அடையாளத்திலிருந்து நம்மை நோக்கிய திசை என்பதை மறக்கக் கூடாது, மாற்றிச் சொன்னால் எதிர்த்திசையில் தேடுவார்கள்.

சில கை செட்டுகளில் மூடி போட்ட சிவப்புப் பட்டன் இருக்கும். சில விநாடி அழுத்திப் பிடித்தால் 70ஆம் சேனலில் எண்முறைச் செய்தியாக ஆபத்து அழைப்பு போகும், செட்டிலேயே ஜிபிஎஸ் இருந்தால் இடமும் தானாகச் சேர்ந்துகொள்ளும். மேலே சொன்ன எண் குழப்பம் எதுவும் இதில் இல்லை. ஆனால் செட்டில் படகுக்குரிய ஒன்பது இலக்க அடையாள எண் பதிவாகியிருக்க வேண்டும், இந்தியப் படகுகளுக்கு அது 419இல் தொடங்கும். எண்ணைப் பதியாத செட்டில் அந்தப் பட்டனை நம்ப முடியாது.

கை வயர்லெஸின் எல்லை எங்கே முடிகிறது என்பதை 2017இல் குமரி மாவட்டம் மிகக் கொடூரமாக அறிந்துகொண்டது. நவம்பர் 30 அன்று ஒக்கி புயலாக வலுத்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களின் ஆழ்கடல் படகுகள் அரபிக் கடலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தன. வாரக்கணக்கில் கடலிலேயே தங்கிச் சூரையும் சுறாவும் பிடிப்பவர்கள் அவர்கள். கரையிலிருந்து எந்த வி.எச்.எஃப். குரலும் அவ்வளவு தூரம் போக வழியே இல்லை. ஒரு படகு கேட்டதை அடுத்த படகுக்குச் சொல்லி, அது அடுத்ததற்குச் சொல்லித்தான் செய்தி நகர முடியும், நடுவில் ஒரு கண்ணி இல்லாவிட்டால் அதோடு நின்றுவிடும். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அந்த நாட்களில் தங்கள் ஆட்களை இழந்தன. அந்த ஊர்களின் கடற்கரையில் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது, 'தகவல் போய்ச் சேரவில்லை' என்பதைத்தான்.

அந்தத் தூரத்துக்குச் செயற்கைக்கோள்தான் வழி. இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து எச்சரிக்கைக் கருவி 2010 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. அழுத்தினால் சமிக்ஞை செயற்கைக்கோள் வழியே சென்னையிலுள்ள கடலோரக் காவல்படையின் மீட்பு மையத்துக்குப் போகும். பழைய கருவியில் ஒரு குறை இருந்தது. செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அழுத்தியவருக்குத் தெரியாது. 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவி, கிடைத்தது என்று திருப்பிச் சொல்கிறது. தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் படகில் இருப்பவருக்கு அந்த ஒரு பதில் எவ்வளவு பெரிய தெம்பு என்று கரையில் இருப்பவர்களால் அளக்க முடியாது. ஆழ்கடல் படகுக்குக் கை வயர்லெஸை மட்டும் கொடுத்துவிட்டு, பாதுகாப்பு கொடுத்தாயிற்று என்று யாரும் கணக்குக் காட்டக் கூடாது. இரண்டும் வேண்டும். செயற்கைக்கோள் கருவி கரைக்குச் சொல்லும், வயர்லெஸ் பக்கத்துப் படகுக்குச் சொல்லும். மீட்க வந்த கப்பல் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நிற்கும்போது "உங்கள் இடதுபுறம் பாருங்கள்" என்று சொல்வதற்கும் கையிலிருக்கும் இந்த செட்டுதான் உதவும்.

பராமரிப்பில் சொல்ல அதிகம் இல்லை. 'ஐபிஎக்ஸ் 7' என்று அச்சிட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். அது புதிய செட்டுக்குச் சொன்ன வாக்கு, வெயிலில் ரப்பர் இறுகிப்போன பழைய செட்டுக்குப் பொருந்தாது. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும். சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளிகளில் பச்சை பூத்தால் இரவு முழுவதும் செருகிவைத்தாலும் பேட்டரி நிறையாது. இத்தனை மணி நேரம் நிற்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது, நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நேரம் செட்டு சும்மா காத்திருந்து, ஐந்து பங்கு பிறர் பேசுவதைக் கேட்டு, ஐந்து பங்கு மட்டுமே பேசினால் கிடைக்கும் கணக்கு. துறைமுகத்துக்குள் பேச 1 வாட் தாராளம்.

நாங்கள் அன்று திரும்பும் வழியில், காலையில் கிளம்பும்போது பெரியவர் செய்த ஒரு காரியத்தைப் பற்றிக் கேட்டேன். துறைமுக வாயைத் தாண்டியதும் செட்டில் ஒரு படகைக் கூப்பிட்டு, "கேட்கிறதா?" என்று மட்டும் கேட்டிருந்தார். "கேட்கிறது அண்ணே, தெளிவாக இருக்கிறது" என்று பதில் வந்ததும் வேறு எதுவும் பேசாமல் வைத்துவிட்டார். தினமும் இப்படிக் கேட்பீர்களா என்றேன். "தினமும்தான்" என்றார். "செட்டு வேலை செய்கிறதா என்று மட்டுமா கேட்கிறேன்? இன்றைக்குப் பக்கத்தில் யார் இருக்கிறான் என்றும் தெரிந்துகொள்கிறேன்."